இனிப்பு காம்போடு முடிகிறது

வீட்டில் பழம் வளர்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு காரணங்கள்தான் முதலில் வரும். மருந்து அடிக்காத பழம் கிடைக்கும், காசு மிச்சமாகும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. குழி வெட்டி, தொழுஉரம் வாங்கி, பந்தல் கட்டி, தண்ணீர் ஊற்றிக் கணக்குப் பார்த்தால் காசு மிச்சமாகாது. மருந்தைப் பற்றிய கவலைக்கு நம்பிக்கையான விவசாயி ஒருவரைத் தெரிந்துவைத்திருந்தாலே போதும். பீச், முலாம்பழம் என்ற இரண்டு பழங்களை எடுத்துக்கொண்டால் அந்த இரண்டு காரணங்களையும்விட வலுவான ஒன்று இருக்கிறது. பறித்த பிறகு இவை மேற்கொண்டு இனிப்பதில்லை. செடியில் நின்றபோது எவ்வளவு சர்க்கரை ஏறியதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நம் வாய்க்கு வரும். அந்தச் சர்க்கரை முழுதாக ஏறும்வரை காயை விட்டுவைக்க வியாபாரத்துக்கு வசதியில்லை, வீட்டுக்காரருக்கு இருக்கிறது. இதை ஒத்துக்கொண்டால் எந்தப் பழத்தை எங்கே வைப்பது, எத்தனை பிஞ்சை விடுவது, எப்போது தண்ணீரைக் குறைப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை தானாக வந்துவிடுகிறது.

நமக்கு இது சட்டென்று பிடிபடாததற்குக் காரணம் மாவும் வாழையும். அந்த இரண்டோடு வளர்ந்தவர்கள் நாம். முற்றிய மாங்காயைப் பறித்து வைக்கோலில் போட்டால் நாலைந்து நாளில் பழுத்து இனிக்கிறது. பச்சை வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட்டால் சீப்புச் சீப்பாகப் பழுக்கிறது. வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கும்போது அது கிட்டத்தட்ட முழுதும் சர்க்கரையாக மாறுகிறது. முற்றிய மாங்காயிலும் அப்படி ஒரு சேமிப்பு உண்டு. அதாவது இந்தக் காய்கள் மரத்தைவிட்டு வரும்போதே இனிப்புக்கான சரக்கைக் கையோடு கொண்டுவருகின்றன. முலாம்பழத்தில் அப்படிச் சொல்லும்படியான மாவுச்சத்து கிடையாது. தர்பூசணியிலும் இல்லை. முற்றிய பீச் காயிலும் இல்லை. அன்றன்றைக்கு இலை சமைத்து அனுப்புகிற சர்க்கரைதான் இவற்றுக்கு வரவு. காம்பை வெட்டியதும் வரவு நின்றுவிடுகிறது.

முலாம்பழத்தில் இது இன்னும் கறாராக நடக்கிறது. பூ காயாகி முதல் மூன்று வாரம் காய் வேகமாகப் பெருக்கும். அந்த நாட்களில் உள்ளே வரும் சர்க்கரையைக் காயிலுள்ள ஒரு நொதி உடைத்துவிடுகிறது, அது வளர்ச்சிக்கே செலவாகிறது. காய் தன் அளவை ஏறக்குறைய எட்டியபிறகுதான் அந்த நொதியின் வேகம் அடங்குகிறது. அதன்பின் கடைசிப் பத்துப் பதினைந்து நாளில்தான் சாதாரணச் சர்க்கரை, நாம் காப்பியில் போடுகிற அதே சர்க்கரை, சதையில் சேர ஆரம்பிக்கிறது. ஆகவே அளவில் முழுசாக, தோலில் வலை விழுந்து, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கும் காயில் பாதி இனிப்புகூட ஏறியிருக்காமல் போகலாம். அமெரிக்காவின் தர விதிகளில் இந்த வகைப் பழத்தின் சாற்றில் கரைந்த திடப்பொருள் 9 சதவீதம் இருந்தால் நல்ல தரம், 11 சதவீதம் இருந்தால் மிக நல்ல தரம் என்று வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சர்க்கரைதான் அந்தத் திடப்பொருள். 9-க்கும் 11-க்கும் நடுவில் இருக்கும் இரண்டு புள்ளியை நாக்கு தெளிவாகப் பிரித்துச் சொல்லும். அவசரப்பட்டுச் சில நாள் முன்னால் பறித்தால் இழப்பது அந்த இரண்டு புள்ளியைத்தான்.

பீச் விஷயத்தில் ஏமாறுவது எளிது, ஏனென்றால் அது பறித்தபின்னும் பழுக்கிறது. மெத்தென்று ஆகிறது, வாசனை வருகிறது, புளிப்பும் கொஞ்சம் அடங்குகிறது. புளிப்பு அடங்கினால் இனிப்புக் கூடியதுபோல் தோன்றும். ஆனால் சர்க்கரை கூடியிருக்காது. அது மட்டுமல்ல, பீச் காய் ஒரே சீராக வளர்வதில்லை. முதலில் வேகமாகப் பெருக்கும். பிறகு கொட்டை இறுகும் காலத்தில் வெளியே மாற்றம் தெரியாமல் நிற்கும். அதன்பின் கடைசி மூன்று நான்கு வாரத்தில் மறுபடி ஒரு பாய்ச்சல். எடையில் பெரும்பகுதியும் இனிப்பும் இந்தக் கடைசிப் பாய்ச்சலில்தான் வருகின்றன. லாரியைத் தாங்கட்டும் என்று இறுக்கமாகப் பறிப்பவர் இனிப்போடு எடையையும் இழக்கிறார். இழக்கிறோம் என்று தெரிந்தே பறிக்கிறார், ஏனென்றால் கனிந்த பீச் பெட்டிக்குள் ஒரு இரவைக்கூடத் தாங்காது.

இதில் வியாபாரியையோ விவசாயியையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இமாச்சலின் ராஜ்கர் பக்கத்திலிருந்து சென்னைக்கு வரும் பீச்சும் சரி, கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டு வழியாக மதுரைக்கு இறங்கும் பீச்சும் சரி, மலைச்சாலையில் குலுங்கித்தான் வரவேண்டும். முற்றின பருவத்துக்குக் கொஞ்சம் முன்னால் பறிக்காவிட்டால் வந்துசேர்வது கூழ்தான். அதே சமயம், கடையில் சப்பென்று இருந்தால் உடனே ‘கல் வைத்துப் பழுக்கவைத்தது’ என்று சொல்லும் பழக்கமும் நமக்கு உண்டு. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பதை உணவுப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது, தடைசெய்ததும் சரிதான். ஆனால் முலாம்பழத்தின் சப்புக்குப் பெரும்பாலும் காரணம் பறித்த நாள். எந்தக் கல்லும் எந்த வாயுவும் இல்லாத சர்க்கரையை உண்டாக்காது. தர்பூசணிக்குள் ஊசிபோட்டு நிறமேற்றுகிறார்கள் என்ற பேச்சும் இப்படித்தான் கோடைதோறும் கிளம்புகிறது. 2025 கோடையில் அந்தப் பேச்சு பரவி, விலை சரிந்து, தமிழ்நாட்டு விவசாயிகள் தெருவில் இறங்கிக் கேட்கவேண்டியதாயிற்று. பழத்துக்குள் சர்க்கரை எப்படி வருகிறது என்பது பத்துப் பேருக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்தால் அந்த நஷ்டம் கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

சரி, அப்படியென்றால் எல்லாக் கொடிப்பழத்தையும் வீட்டில் போடலாமா? தர்பூசணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் வாதமே அங்கே பலவீனமாகிறது. அதன் தோல் தடிமன், பழுத்த பழமே லாரிப் பயணத்தைத் தாங்கும். திண்டிவனம், மதுராந்தகம் பக்கத்து வயல்களிலிருந்து சென்னைக்கு அரை நாள் பயணம்கூட இல்லை. அதனால் விவசாயி அதை ஓரளவு பழுக்கவிட்டே அறுக்க முடிகிறது. வீட்டில் போட்டால் ஒரு கொடி இரண்டு மூன்று மீட்டர் ஓடி, ஓரிரண்டு பழம் தந்து முடியும். சாலையோரம் குவித்து விற்கும்போது வாங்குவதே புத்திசாலித்தனம். முலாம்பழம் அப்படியல்ல. சென்னைப் பக்கம் கிர்ணி என்று சொல்லும் அதே பழம்தான். முழுதாகப் பழுத்தால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், ஆகவே சந்தைக்கு வருவதில் பெரும்பாலானது முன்கூட்டிப் பறித்ததாக இருக்கிறது. இதே குடும்பத்தில் நம்ம ஊர் வெள்ளரிப்பழம் இருக்கிறதே, அது இன்னும் ஒருபடி மேல். பழுத்ததும் தானாக வெடித்துவிடும். சதை மாவு மாவாக உதிரும். ஓலையிலோ வைக்கோலிலோ கட்டித்தான் விற்கமுடியும். பெரிய இனிப்பு அதற்குக் கிடையாது, நாட்டுச்சர்க்கரை தூவித்தான் சாப்பிடுவோம். ஆனால் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாதோ அவ்வளவுக்கு அதை வீட்டில் வளர்க்க நியாயம் இருக்கிறது. கடைவீதியில் அது அருகிவருவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பீச்சுக்கு வந்தால் முதல் கேள்வி இடம். எந்த ஊரிலும் காய்க்கும் என்று எழுதிப்போட்டு பீச் கன்று விற்கிறார்கள், சமவெளியில் இருப்பவர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். பீச் குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும் மரம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்து ஒழுங்காகப் பூக்க, 7 டிகிரி செல்சியஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இத்தனை மணி நேரம் குளிர் வேண்டும் என்று ஒரு கணக்கு அதற்கு உண்டு. பழைய ரகங்களில் பலவற்றுக்கு 600 முதல் 1000 மணி நேரம் தேவை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1950-களில் தொடங்கிய ஆராய்ச்சியில்தான் இந்தத் தேவையை வெகுவாகக் குறைத்தார்கள். அங்கே பிறந்த ஃப்ளோர்டாபிரின்ஸ் ரகத்துக்குச் சுமார் 150 மணி நேரம் போதும். பெரிய சாதனைதான். ஆனாலும் 150 என்பது பூஜ்யம் அல்ல. சென்னையில் சனவரி மாத விடியலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அங்கே கிடைக்கும் குளிர் மணி நேரம் பூஜ்யம். மரம் செத்துவிடாது, இலை விடும், உயரமாகக்கூட வளரும். ஆனால் மொட்டுகள் பாதி விழித்தும் பாதி உறங்கியும் கிடக்கும். பூ வந்தாலும் ஆங்காங்கே ஒன்றிரண்டுதான். வெப்பமண்டல மலைகளில் இலையைக் கையால் உருவிவிட்டு மரத்தைப் பூக்கவைக்கும் முறை ஒன்று உண்டு, உண்மைதான். அது குளுமையான மலைக்காற்றில் பலிக்கிற உத்தி. மதுரை வெயிலில் அதை நம்பிச் செய்யச் சொல்லமாட்டேன்.

ஆக, தமிழ்நாட்டில் பீச் கொடைக்கானல், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளுக்கான மரம். முலாம்பழம் சமவெளி வீடுகளுக்கான கொடி. இரண்டும் ஒரே வேலிக்குள் வேண்டுமென்றால் குளிர்காலத்தில் நன்றாகக் குளிர்ந்து, ஏப்ரலில் கொதிக்கிற ஊர் வேண்டும். பஞ்சாப் அப்படிப்பட்டது. லூதியானாவில் ஒரு வீட்டுக் கொல்லையில் ஷான்-ஏ-பஞ்சாப் பீச்சும் ஹரா மது முலாம்பழமும் ஒரே கோடையில் பறிக்கலாம். நமக்கு அந்த அமைப்பு இல்லை, அதற்காக வருத்தப்படவும் ஒன்றுமில்லை. கொடியில் பழுத்த முலாம்பழம் ஒன்றை வெட்டிவைத்தால், தூரத்திலிருந்து அரைக்காயாக வந்திறங்கிய பீச்சை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இனி வளர்க்கும் விதம். சர்க்கரை இலையிலிருந்துதான் வருகிறது என்றானபின், ஒரு பழத்துக்கு எத்தனை இலை உழைக்கிறது என்பதுதான் உண்மையான கணக்கு. பீச்சில் ஒரு பழத்துக்கு முப்பது நாற்பது இலை வேண்டும் என்பது தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. மரம் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரே குச்சியில் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு பிடிக்கும். கொட்டை இறுகுமுன்னே ஒரு சாணுக்கு ஒன்று என்று விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எறியவேண்டும். நன்றாகப் பிடித்த பிஞ்சைக் கிள்ளக் கை வராது என்பது தெரியும். கிள்ளாவிட்டால் கிடைப்பது எலுமிச்சை அளவில் கொட்டையும் தோலுமாக ஒரு கூடை. கவாத்தும் இதே கணக்கில் வருகிறது. பீச் போன வருடம் துளிர்த்த குச்சியில்தான் காய்க்கும், வயதான கிளையில் காய்க்காது. அதனால் ஆண்டுதோறும் பழைய குச்சியைக் கழித்து, மரத்தின் நடுவைக் கிண்ணம்போலத் திறந்துவிட்டால்தான் உள்கிளைக்கும் வெயில் விழும், அடுத்த வருடத்துக்குப் புதுக் குச்சியும் வரும். மலைத் தோட்டங்களில் வருடக்கணக்கில் வெட்டுப்படாத பீச் மரங்கள் உச்சியில் மட்டும் நாலு காய் தாங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

முலாம்பழத்துக்குத் தைப்பட்டம் தோதானது. பூக்கும்போது வெயில் ஏறியிருக்கும், காய் முற்றும்போது வறண்டிருக்கும். கொடிக்கு இரண்டு காய், மிஞ்சினால் மூன்று. மற்றதைப் பிஞ்சிலேயே எடுத்துவிடலாம். இங்கே ஒரு தனிச்சிக்கல் மகரந்தம். பழத்துக்குள் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மகரந்தத் துகள் வந்துசேரவேண்டும். தேனீ ஒருமுறை வந்துபோனால் போதாது, பல முறை வரவேண்டும். காய் ஒருபக்கம் பெருத்தும் ஒருபக்கம் சுருங்கியும் இருந்தால் உரக்குறை என்று முடிவுகட்டாதீர்கள், மகரந்தம் குறைந்த காயாக இருக்கலாம். அடியில் சின்னஞ்சிறு காயைச் சுமந்திருக்கும் பூ காலையில் விரிந்து அன்றோடு வாடிவிடும். நான்காம் மாடித் தோட்டத்துக்குத் தேனீ வராவிட்டால், காலை ஒன்பது மணிக்குள் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, காய் சுமந்த பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால் வேலை முடிந்தது. மாடியில் பந்தலில் ஏற்றுபவர்களுக்கு அர்கா ஜீத் போலச் சிறு பழம் தரும் ரகமே நல்லது. பைக்கு ஒரு கொடி போதும், காயைத் துணித்தூளியில் தாங்கிவிடவேண்டும்.

இலையைக் காப்பாற்றுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். காய் முற்றும் நேரத்தில் சாம்பல் நோய் வந்து கொடி காய்ந்துபோனால் என்ன ஆகிறது பாருங்கள். காய் முழு அளவில் இருக்கும், நிறம்கூட மாறும், வெட்டினால் வெள்ளரிக்காய்த் தண்ணீர். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே காய், அதே மண், அதே ரகம். இலை மட்டும் பத்து நாள் முன்னால் செத்தது. சர்க்கரை ஏறும் நாட்களில் உரத்தைவிட இலைக்குத்தான் காவல் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தண்ணீரும் அப்படி. காய் பெருக்கும்வரை ஒழுங்காகக் கொடுத்து, பழுக்கப்போகும் வாரத்தில் இலை வாடாத அளவுக்குக் குறைத்துக்கொண்டால் சாறு நீர்த்துப்போகாது. காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பறிப்பதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். வலைத்தோல் முலாம்பழத்தில் செடியே சொல்லிவிடுகிறது. காம்பு பழத்தோடு சேருமிடத்தை உற்றுப்பாருங்கள். முற்றாத காயில் காம்பும் தோலும் ஒன்றாக ஓடும், நடுவே கோடு தெரியாது. பழுக்கும் நேரத்தில் அங்கே மயிரிழை போல ஒரு விரிசல் விழும். இரண்டொரு நாளில் அது காம்பைச் சுற்றிவரும். வலைக்கு நடுவிலுள்ள தோலின் பச்சை மங்கி மஞ்சள் தட்டும், பக்கத்தில் குனிந்தாலே வாசனை வரும். அப்போது கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் காம்பு தானாகக் கழலும், பழத்தில் சுத்தமான ஒரு குழி மிச்சமிருக்கும். கத்தி தேவைப்பட்டால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம். ஹனிட்யூ போன்ற வழுவழுத் தோல் வகைகள் இப்படிக் கழலாது, அங்கே நிறத்தையும் மணத்தையும் நம்பவேண்டும். பீச்சில் சிவப்பைப் பார்த்துப் பறிப்பதுதான் பொதுவான தவறு. சிவப்பு வெயில் பட்ட பக்கத்தில் வரும், ரகத்தைப் பொறுத்து மாறும், காய் பழுக்குமுன்னே வந்துவிடும். பழத்தைக் கொஞ்சம் திருப்பி, நிழல் பக்கத்தில் காம்புக்குழியைச் சுற்றியிருக்கும் அடிநிறத்தைப் பாருங்கள். அங்கே பச்சையின் சாயல் கொஞ்சம்கூட இல்லாமல் வெண்ணெய் நிறமோ மஞ்சளோ ஆகியிருந்தால்தான் கை வைக்கலாம். ஒரே மரத்தில் எல்லாம் ஒரே நாளில் வராது. வெளிக்கிளை உச்சி முதலில், உள்கிளை பிறகு. மூன்று நான்கு தடவையாகப் பறிக்கும் பொறுமை வேண்டும். கூலி கொடுத்துப் பறிக்கும் தோட்டத்தில் அந்தப் பொறுமைக்கு விலை உண்டு, வீட்டில் இல்லை.

இதற்கு வரக்கூடிய பலமான மறுப்பு பழ ஈ. காயை எவ்வளவு நாள் விட்டுவைக்கிறோமோ அவ்வளவு நாள் ஈக்கு வாய்ப்பு, முன்னாலேயே பறிப்பவருக்கு அந்த நஷ்டம் குறைவு. நியாயமான பேச்சு, இதை மழுப்ப விரும்பவில்லை. கவனிக்காத வீட்டில் பாதிப் பழம் புழுவுக்குப் போய்விடும். ஆனால் ஏக்கர் கணக்கில் செய்யமுடியாத ஒன்றை வீட்டில் செய்யலாம். பிஞ்சைத் தேர்ந்தெடுத்து விட்ட அன்றே ஒவ்வொன்றையும் காகிதப் பையிலோ மெல்லிய துணிப் பையிலோ கட்டிவிடலாம். இருபது முப்பது காய்க்கு ஒரு மணி நேர வேலை. இனக்கவர்ச்சிப் பொறி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கொடிக்காயைத் தாக்கும் ஈயும் பீச்சைத் தாக்கும் ஈயும் வேறு வேறு. முதலாவதுக்கு க்யூ லூர், இரண்டாவதுக்கு மீதைல் யூஜினால். மாற்றி வைத்தால் பொறி சும்மா தொங்கும். சரியாக வைத்தாலும் அதில் விழுவது ஆண் ஈக்கள் மட்டும்தான், ஆகவே பொறியை நம்பிப் பையை விட்டுவிடக்கூடாது. விழுந்த பழத்தை மரத்தடியில் விட்டால் அடுத்த தலைமுறை அங்கேயே பிறக்கும். உடனே பொறுக்கி ஆழமாகப் புதைக்கவேண்டும். மலையில் மழையும் சேர்ந்துகொள்ளும். தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் பழுக்கும் ரகம் வேண்டும். ஃப்ளோர்டாபிரின்ஸ் பூத்துச் சுமார் 80 நாளில் பழுத்துவிடுவதால் இங்கேயும் அதற்கு ஒரு சாதகம் உண்டு.

இன்னொரு மறுப்பு, எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்துக் கொட்டும் என்பது. முலாம்பழத்துக்கு வழி சுலபம். எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றாமல் பதினைந்து நாளுக்கு ஒரு குழி என்று மூன்று தவணையாக ஊன்றினால் கோடை முழுக்க வரும். பீச் மரத்துக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு வாரத்தில் முழு மகசூலும் வந்துவிடும், தெருவுக்கே கொடுக்கவேண்டியிருக்கும், மிச்சத்தை ஜாம் காய்ச்சலாம். குளிர்சாதனப் பெட்டியில் அடைத்துவைப்பது மட்டும் உதவாது. கனியாத பீச்சை ஏறக்குறைய 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் நாள்கணக்கில் வைத்தால் சதை சாறில்லாமல் பஞ்சுபோல ஆகிவிடும், பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகாது. வீட்டுப் பெட்டியின் குளிர் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் இறுக்கமாகப் பறித்ததைக் கூடத்திலேயே ஒரு தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, காம்புப் பக்கம் மெத்தென்று ஆனபிறகு உள்ளே வைக்கலாம், அதுவும் இரண்டு நாளுக்குமேல் வேண்டாம். முலாம்பழத்தைக் கழன்ற அன்றோ மறுநாளோ வெட்டிவிடுங்கள்.